ஆளி விதை ஒத்துக்கொள்ளாத ஒருத்தி

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலி, முதுகு வலி எல்லாம் எந்த மட்டில் இருக்கிறது? சர்க்கரை ஏறிவிட்டது என்று எழுதியிருந்த திருச்சி சகோதரி, இப்போது தேவலையா? இங்கே மதுரையில் வெயில் ஆளை உரிக்கிறது. காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. டைப் அடித்தது அழிந்துவிடுமோ என்ற பயத்திலேயே அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளி விதையைத் தினப்படி சமையலில் சேர்ப்பது பற்றி நான் எழுதியதற்கு நிறையப் பேர் பதில் போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். விதையை முழுசாகப் போடாதீர்கள், போன வழியே வந்துவிடும். எண்ணெய் விடாமல் வெறும் வாணலியில் வறுங்கள். படபடவென்று பொரியும்போது இறக்குங்கள். ஆறவைத்துப் பொடித்து, ஈரம் படாத டப்பாவில் கொஞ்சமாக வைத்துக்கொள்ளுங்கள். அதிக நாள் வைத்தால் சிக்கு வாடை வரும். இட்லிப் பொடியில் கலக்கலாம், சப்பாத்தி மாவில் பிசையலாம். கீரை மசியலில் ஒரு கரண்டி போட்டால் கொழகொழவென்று அதோடு சேர்ந்துகொள்ளும். போட்டதே தெரியாது. அதுதான் அதன் நல்ல குணம்.

கரூரிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள், "பாட்டி, இது யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போகுமா?" என்று. நியாயமான கேள்வி. உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போகிறேன், அணைத்துத்தான் இருக்கிறது. மறுபடி வந்து உட்காருகிறேன். சில நாளாக இப்படித்தான் இருக்கிறது எனக்கு.

எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்திக்குத்தான் ஒத்துக்கொள்ளாது. அவள் என் மகள்.

உங்களில் யாருக்கும் என் முகம் தெரியாது. பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். என்னை ஹம்சவேணி என்று வைத்துக்கொள்ளுங்கள், மகளை அலர்மேல்மங்கை. வீட்டில் அலர். நாங்கள் இருக்கிற விளாங்குடியை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. வீட்டைக் கட்டி இத்தனை வருஷம் ஆகிவிட்டது, வேறு எந்த ஊர்ப் பெயரை எழுதினாலும் வாடகை வீட்டில் இருப்பது போல இருக்கிறது.

நாங்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டுக்குள் எங்கள் பாஷைதான், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடிப் புடவை வியாபாரம். தொண்ணூற்று ஏழில் கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மகன் ரவிசங்கர் அப்போதே பூனாவில் வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய மகள் ஸ்ரீவர்ஷினிதான் லீவுக்கு வந்தபோது எனக்கு இந்த டைப்பிங் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் நானும் அலரும்தான். அவள் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணக்குப் பாடம்.

அவர் போன மறு வருஷம், மனசு மாறட்டும் என்று என் தம்பி என்னைக் குஜராத்தில் இருக்கிற சோமநாதபுரத்துக்கு யாத்திரை கூட்டிப்போனான். எங்கள் முன்னோர் புறப்பட்டு வந்த சீமை அதுதான் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு முடித்ததும், நாம் பாக்கு வைப்பது போல, ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்புப் போட்டு வறுத்த பழுப்பு விதையை வைத்தார்கள். வாயில் போட்டால் எள் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. கடைக்காரப் பெரியவரிடம் எங்கள் பாஷையில் கேட்டேன். பாதிப் பேச்சு அவருக்குப் புரிந்தது. அல்சி என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம் ஆட்கள் தின்றது இதுதானே என்று பை நிறைய வாங்கி வந்தேன். தீர்ந்தபிறகு நாட்டு மருந்துக் கடையில் விசாரித்தால், இதுதான் ஆளி விதை என்று கொடுத்தார்கள். கட்டிக்குப் பத்துப் போடுவதற்கு வைத்திருந்தார்களாம். சாப்பிடவா கேட்கிறீர்கள் என்று சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அலருக்கு முதல் வரன் வந்தது. திண்டுக்கல் பையன், பேங்கில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று காலையில் இட்லி, கத்தரிக்காய் கொத்சு, புதிதாக அரைத்த ஆளிப் பொடி. எல்லாரும் சாப்பிட்டோம். தலை பின்னிக்கொண்டிருந்தவள், "அம்மா, உதடு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு பன் மாதிரி வீங்கியது. கழுத்து, கை, வயிறு எல்லாம் தடித்தடியாகக் கிளம்பியது. வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டார்கள். பையனின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணுக்குத் தோல் வியாதி எதுவும் உண்டாம்மா? மறைக்காமச் சொல்லிருங்க" என்றாள். இல்லை என்றேன். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, அவர்களுக்கு ஜாதகம் பொருந்தவில்லையாம் என்றார்.

அன்று அலர் என் மடியில் தலை வைத்து அழுதாள். நான் காலமைன் லோஷன் தடவிவிட்டேன். வாசல் கேட்டைப் பூட்டினேன். இரண்டு பேரும் ரசம் சாதம் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன். எழுதுவது என்று உட்கார்ந்தபிறகு இதையும் எழுத வேண்டும் அல்லவா.

பக்கத்து வீட்டு ஷரீபா மறுநாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "யக்கா, கத்திரிக்கா கரப்பான்ல. அத மொதல்ல நிப்பாட்டுங்க. எங்க மாமியாளுக்கும் இதே கததான்." கத்தரிக்காய் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. எல்லாரும் தலையாட்டினார்கள். டாக்டரும் தலையாட்டினார். அலருக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர். அன்றிலிருந்து இன்றுவரை அவள் அதைத் தொடவில்லை.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பால்குடி மறந்த நாளிலிருந்து கத்தரிக்காய் சாப்பிட்டவளுக்கு இப்போது என்ன வந்தது? ஆளியாக இருக்கும் என்றும் நம்ப முடியவில்லை. நம் முன்னோர் தின்றது நம் ரத்தத்துக்கு எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? ஒரு லீவு நாளில் மோரில் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டில் நாலு தடிப்பு. ஒரு வாரம் விட்டு இன்னொரு சிட்டிகை. மறுபடியும் தடிப்பு. பிள்ளைக்கு எது ஆகாது என்று பெற்றவள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நான் தெரிந்துகொண்டேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் தரகர் இரண்டாவது வரனோடு வந்துவிட்டார். பையன் பம்பாயில் இருக்கிறான் என்றார். பம்பாய் எவ்வளவு தூரம் என்று சோமநாதபுரம் போய்வந்த எனக்குத் தெரியும். அவர்கள் வந்த அன்று மத்தியானம் கீரை மசியல் வைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அலருக்கென்று தனியாக நான் எதுவும் செய்ததில்லை. எல்லாருக்கும் ஒரே பாத்திரம், ஒரே கரண்டி. நான் சாப்பிடுவேன், தம்பி குடும்பம் சாப்பிடும், வந்தவர்களும் சாப்பிடுவார்கள். எல்லாருக்கும் உடம்புக்கு நல்லது. அவள் ஒருத்திக்கு மட்டும் தடிக்கும். அதனால் சாப்பாட்டின் மேல் யாரும் குறை சொன்னதில்லை.

வெளியே பஸ் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் இல்லை. திண்டுக்கல் ரோட்டில் இறங்கி நடந்து வர வேண்டும், இன்னும் நேரம் இருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு குறை இருந்தது. ஒருத்தன் காப்பியைச் சத்தம் போட்டு உறிஞ்சினான். ஒருத்தனுக்கு மூன்று தங்கைகள். ஒருத்தனின் அப்பா எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். அந்தக் குறைகளை எல்லாம் அவர்கள் போனபிறகு நான் கண்டுபிடித்தேன் என்று நினைக்காதீர்கள். சிலவற்றை முன்னாலேயே கண்டுபிடித்தேன்.

ஜோசியர் நாகதோஷம் என்றார். அலர் கணக்கு டீச்சர், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் அரசமரத்தடி நாகருக்குப் பால் ஊற்றினாள். நானும் கூடப் போவேன். அவள் சுற்றி வரும்போது பால் சொம்பை நான் பிடித்துக்கொள்வேன்.

ஒரு தடவை மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் அந்தத் திண்டுக்கல் பேங்க் பையனைப் பார்த்தோம். மனைவி, ஒரு பெண் குழந்தை. நல்ல மனுஷன்தான், நின்று என்னை விசாரித்தான். அலருக்கு வணக்கம் சொன்னான். அவர்கள் போனபிறகு அலர் சொன்னாள், "அம்மா, அந்தப் பாப்பாவுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கு, பாத்தியா? சிரிக்கையில கையால மறைச்சுக்கிருது." பிரசாதக் கடையில் புளியோதரை வாங்கினாள். பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை மடித்து வைத்துக்கொண்டாள். நான் மீதியை வாங்கிச் சாப்பிட்டேன். வீணாக்கக் கூடாது.

இதற்கு நடுவில் தெருவில் எல்லாருக்கும் ஆளி விதையைப் பழக்கிவிட்டது நான்தான். ஷரீபா வீட்டுக்கு மாதம் ஒரு டப்பா போகும். "யக்கா, உங்க பொடியப் போட்டதுலருந்து எங்க வீட்டுக்காரரு காலையில பாத்ரூம்ல அம்புட்டு நேரம் உக்கார்றது இல்ல. பேப்பர் படிக்க நேரம் பத்தலைன்னு கோவிச்சுக்கிறாரு" என்பாள். ஆளியால் பலன் அடைந்தவர்கள் பலர். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அலருக்கு ஒரே ஒரு தடவை சந்தேகம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, ஒருவேள உன் ஆளிப் பொடியா இருக்குமோ?"

"நேத்து ரெண்டு அடை தின்னியே, அதுல பாதி அதான்டி. ஒண்ணும் பண்ணலையே" என்றேன்.

"அப்படியா? வாசமே தெரியலையே" என்று சிரித்தாள். "அப்ப அது இல்ல. சரி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து."

அந்த அடையில் ஆளி இல்லை. அவள் கணக்குப் போட்டு ஒன்றை அடித்துவிட்டால் மறுபடி அதைப் பார்க்க மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படி.

இப்படியே அவளுக்கு முப்பது தாண்டியது. தரகர் வருவதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். இரண்டு மூன்று வருஷம் அவள் உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. சாயங்காலம் அவள் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்கும். பையை வைத்துவிட்டு, "என்னம்மா வச்சிருக்க?" என்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் காலையிலிருந்து வேலை பார்ப்பேன். நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

போன வருஷம் விடைத்தாள் திருத்துகிற முகாமில் ஒருவர் பழக்கமானார். விஜய்ஆனந்த். எங்கள் ஆட்கள்தான், நாகமலை புதுக்கோட்டையில் வீடு, அவரும் வாத்தியார். தங்கைகளைக் கட்டிக்கொடுப்பதற்குள் வயதாகிவிட்டதாம். தரகர் இல்லை, ஜாதகம் இல்லை. அலரே வீட்டுக்குக் கூட்டி வந்தாள். நல்ல வேளை, முந்தின நாளே சொல்லிவிட்டாள். இட்லி மாவில் கலக்க நேரம் இருந்தது.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் கழுத்தெல்லாம் தடித்தது. அவள் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு எழுந்து போகப் பார்த்தாள். அவர், "உக்காருங்க டீச்சர், தடிப்புத்தானே. எங்க தங்கச்சிக்கு மழையில நனைஞ்சாலே இப்படி வரும்" என்று சொல்லி, ஓடிப்போய்க் கடையில் மாத்திரை வாங்கி வந்தார். அடுத்த தடவை சட்டைப் பையிலேயே மாத்திரையோடு வந்தார். "அத்தை, நான் வர்ற அன்னைக்கெல்லாம் இவங்களுக்குத் தடிக்குது. நாந்தான் ஒத்துக்கலையோ?" என்று சிரித்தார். அலரும் சேர்ந்து சிரித்தாள். தடித்த உதட்டோடு அவள் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்த எல்லாரும் எந்தத் தடிப்பைப் பார்த்து எழுந்து போனார்களோ, அதன் பக்கத்திலேயே அந்த மனுஷன் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

தை மாதம் நிச்சயதார்த்தம் வைத்தார்கள். அன்று முள்ளு முருங்கை இலை அரைத்து வடை தட்டினேன். எங்கள் வீடுகளில் விசேஷத்துக்கு அது உண்டு. பச்சைப் பசேலென்று இருக்கும், எது கலந்தாலும் நிறம் மாறாது. வழக்கமாகப் போடுவதைவிட அதிகமாகப் போட்டேன். மாத்திரைக்குக் கட்டுப்படாத அளவு வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

அலர் இரண்டு வடை சாப்பிட்டாள். மூன்றாவதைப் பிய்க்கும்போது கையிலிருந்து விழுந்தது. "அம்மா" என்றாள். பாதிதான் வந்தது, அதற்குப் பிறகு குரல் இல்லை. விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும். முகம் நீலமாகப் போனது. விஜய்ஆனந்த் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். எதிர் வீட்டு விருமாண்டியின் ஆட்டோ நின்றிருந்தது. நானும் ஏறிக்கொண்டேன். அவள் என் கையைத்தான் பிடித்திருந்தாள். அவர் கையை அல்ல.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் காற்று வைத்து, ஒருவழியாக மூச்சு திரும்பியது. டாக்டர் வெளியே வந்து கோபமாகக் கேட்டார். "காலையிலருந்து என்னென்ன சாப்பிட்டாங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சொன்னேன். காப்பி, இட்லி, சட்னி, வடை. வடையில் என்ன என்றார். முள்ளு முருங்கை இலை, அரிசி, மிளகு, சீரகம், உப்பு என்றேன். விஜய்ஆனந்த் பக்கத்திலேயே நின்றார். "வேற எதுவும் இல்லையா அத்தை? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க ஆளிப் பொடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அலர் கையை ஆட்டினாள். அவரைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கம்மிய குரலில் சொன்னாள். "அது எனக்கு ஒத்துக்கும். அம்மா அடிக்கடி அடையில போடுவாங்க. ஒண்ணும் பண்ணாது."

பிறகு பெரிய டாக்டரிடம் போய்க் கையில் குத்திக் குத்திச் சோதித்தார்கள். கடலை, பால், கோதுமை, கத்தரிக்காய், தூசி. எதற்கும் ஒன்றும் இல்லை. ஆளி அவர்களிடம் இல்லை, கேட்பாரும் இல்லை. "காரணம் பிடிபடலம்மா. பிடிபடுற வரைக்கும் வெளியில பச்சத் தண்ணி குடிக்காதீங்க. வீட்டுச் சாப்பாடு, அம்மா கையால சமைச்சது, அம்புட்டுத்தான். இன்னொரு தடவ இதே மாதிரி வந்தா ஆஸ்பத்திரி வந்து சேர நேரம் இருக்குன்னு சொல்ல முடியாது" என்றார். எனக்கு முன்னால்தான் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அலர் விஜய்ஆனந்திடம் தானே சொல்லிவிட்டாள். ஹாலில் பேசியது அடுப்படியில் எனக்குக் கேட்டது. "அம்மா சமையலத் தவிர எதையும் வாயில வைக்கப் பயமா இருக்கு. உங்க வீட்டுக்கு வந்து உங்கம்மா வச்ச குழம்ப நான் சந்தேகமாப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. என்னைய விட்டுருங்க."

அவர் அப்போது சொன்னதையும் எழுதிவிடுகிறேன். மறைத்தேன் என்று இருக்கக் கூடாது. "அப்ப அத்தையும் நம்மகூட வந்துரட்டும். மாடி ரூம் சும்மாதான கெடக்கு. அவுகளே சமைக்கட்டும், நாங்க எல்லாரும் சாப்பிடுறோம்" என்றார். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். "வாங்க அத்தை, தனியா இங்க என்ன பண்ணப்போறீக?"

தனியாக இருக்கப் பயந்துதான் நான் இதைச் செய்தேன் என்று நீங்கள் இதுவரை நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் கேட்டதும் சரி என்று சொல்லியிருக்கலாம். அவருடைய அம்மாவும் தங்கமான மனுஷி. ஆனால் இன்னொருத்தி வீட்டு அடுப்படியில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கேட்டுச் சமைப்பதா? என் மகள் பசிக்கிறது என்று சொல்லும்போது இரண்டு பேர் எழுந்திருப்பதா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. அவர் போய்விட்டார். அன்று எனக்குப் பாயசம் வைக்கத் தோன்றியது. வைக்கவில்லை. பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள்.

அதற்குப் பிறகு நல்லபடியாகப் போனது. அலருக்கு ஒரு தடிப்பு இல்லை, கொஞ்சம் பூசினாற்போலக் கூட ஆனாள். ஷரீபாதான் ஒரு நாள் மாடியில் துணி எடுத்துக்கொண்டே சொன்னாள். "யக்கா, மாப்ள பாக்குறத நிப்பாட்டுனா நிக்குது. யாராச்சும் வந்தா வருது. என்னா வியாதிக்கா இது, ஆள் பாத்து வருது?" சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். அந்த வாரம் அவளுக்கு ஆளிப் பொடி கொடுத்தனுப்பினேன். டப்பா திறக்காமல் அப்படியே திரும்பி வந்தது. வீட்டில் இருக்கிறதாம்.

அன்றிலிருந்துதான் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இந்தச் சமயம் பார்த்து அலர் ஒரு கணக்குப் போட்டாள். இவ்வளவு மாதமாக ஒன்றும் வரவில்லை, அப்படியானால் உடம்பு சரியாகிவிட்டது என்று. நேற்றுக் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள், "அம்மா, நாளைக்குச் சாயங்காலம் அவரும் அவங்க அம்மாவும் வாராங்க. நாந்தான் வரச் சொன்னேன். அவரு இன்னும் வேற எடம் பாக்கலையாம்." போகிற போக்கில் திரும்பி, "பணியாரம் சுடும்மா. நீ சுட்டாத்தான் தைரியமாச் சாப்பிடுவேன்" என்றாள்.

அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். பத்து வருஷம் குறைந்திருந்தது.

மாவு காலையிலேயே தயார். வெல்லம், ஏலக்காய், தேங்காய்ப் பல். ஆளி கலந்துவிட்டேன். டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் வடைக்குப் போட்டதில் பாதிதான் போட்டேன். பணியாரச் சட்டியில் ஊற்றுமுன் இன்னும் கொஞ்சம் வெறும் மாவு சேர்த்து இளக்கலாமா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விருமாண்டியிடம் சாயங்காலம் சவாரிக்குப் போகாமல் வாசலிலேயே ஆட்டோவை நிறுத்தி வை என்று சொல்லிவிட்டேன். எதற்கம்மா என்றான். விருந்தாளியைக் கொண்டுபோய் விட வேண்டும் என்றேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல், எந்த ஊசி என்று இப்போது எனக்குத் தெரியும். மகளுக்காக இவ்வளவு முன்யோசனை யார் செய்வார்கள்? அவள் உயிரோடு என் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு ஒரு ஆசையும் இல்லை.

கேட் சத்தம் கேட்கிறது. அவள்தான். அவர்கள் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்கிறாள், "அம்மா, பசி உசுரு போகுது. மொத ஈடு எனக்குத்தான்."

நான் போகிறேன். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். நீங்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே. பிள்ளை வாசல் தாண்டிப் போகிறேன் என்று நின்றபோது நீங்கள் எதைக் கொடுத்து நிறுத்தினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், கூச்சப்படாமல் எனக்கு எழுதுங்கள்.